பழைய சிடி, டிவிடிக்களைப் பத்திரப்படுத்துவது எப்படி?

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் பலர், அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சிடி போடுகிற இடத்தைக் காணோமே?" உண்மைதான். இப்போது வருகின்ற லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் சிடி டிரைவ் கிடையாது. டெஸ்க்டாப் கேபினட்களிலும் அதற்கான இடம் குறைந்து வருகிறது. ஆனால் நம் வீட்டு அலமாரிகளில் சிடிக்கள் அப்படியே இருக்கின்றன. கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் பிறந்த நாள் போட்டோக்கள், கல்லூரி புராஜெக்ட் என எல்லாம் அதில்தான் இருக்கின்றன. "சிடியில் இருக்கிறது, பத்திரமாக இருக்கும்" என்று எண்ணித்தான் வைத்திருக்கிறோம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் அக்காவின் திருமணம் 2003-இல் திருநெல்வேலியில் நடந்தது. வீடியோவை மூன்று விசிடிக்களாகப் போட்டுக் கொடுத்தார்கள். 2022-இல் அவற்றை என் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம் என்று எடுத்தேன். முதலாவதும் மூன்றாவதும் நன்றாகவே வந்தன. இரண்டாவது சிடி பாதியில் நின்றுவிட்டது. நலங்கின்போது எங்கள் ஆச்சி பாடிய பாட்டு அந்த சிடியில்தான் இருந்தது. ஆச்சி 2011-இல் காலமாகிவிட்டார். அவர் குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை. அந்த சிடியில் எவ்வளவு மீட்க முடிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் வீட்டில் இந்த நிலை வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

சிடி ஏன் கெடுகிறது?

கடையில் பாடல்களுடன் விற்கப்பட்ட ஆடியோ சிடிக்கள் தொழிற்சாலையில் அச்சு வைத்துத் தயாரிக்கப்பட்டவை. அவற்றில் டேட்டா சிறு சிறு குழிகளாக இருக்கும். நாம் வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதிய சிடிக்கள் அப்படியல்ல. அவற்றில் ஒரு சாயப் பூச்சு உண்டு. எழுதும்போது லேசர் கதிர் அந்தச் சாயத்தை ஆங்காங்கே சுட்டு அடையாளம் வைக்கிறது. வெயில், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றால் அந்தச் சாயம் காலப்போக்கில் மங்கும். மங்கிய பின் டிரைவால் அதைப் படிக்க முடியாது.

இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். சிடியின் தடிமன் 1.2 மி.மீ. டேட்டா இருப்பது நாம் பார்க்கும் பளபளப்பான அடிப்பக்கத்தில் அல்ல. பெயர் எழுதும் மேல் பக்கத்தை ஒட்டி இருக்கிறது. அதற்கு மேல் இருப்பது மிக மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. எனவே அடிப்பக்கம் விழும் கீறலைவிட மேல் பக்கம் விழும் கீறல்தான் ஆபத்து. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் டேட்டாவின் மீதே கோடு போட்டது போலாகும். டிவிடியின் அமைப்பு வேறு. 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு தகடுகளை ஒட்டி, நடுவில் டேட்டாவை வைத்திருப்பார்கள். இதனால் மேல் பக்கக் கீறல் அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் வளைத்து எடுத்தால் ஒட்டு விட்டுவிடும்.

எங்கள் இரண்டாவது சிடி கெட்டதற்குக் காரணம், மணமக்கள் படத்துடன் ஸ்டுடியோவில் ஒட்டிக் கொடுத்த வட்டமான காகித ஸ்டிக்கர். மழைக்கால ஈரத்தில் அது ஓரத்தில் உரிந்து, வெள்ளிப் பூச்சையும் கொஞ்சம் பெயர்த்துவிட்டது. உங்கள் சிடியில் இப்படி ஸ்டிக்கர் இருந்தால் அதை உரிக்க முயற்சி செய்யாதீர்கள். இருக்கிறபடியே காப்பி எடுங்கள்.

எந்த டிரைவ் வாங்குவது?

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு யு.எஸ்.பி.-யில் இணைக்கும் வெளி டிவிடி ரைட்டர் போதும். இது சிடி, டிவிடி இரண்டையும் படிக்கும், எழுதும். புளூரே டிஸ்க் வைத்திருந்தால் அதற்குத் தனியாக புளூரே டிரைவ் வேண்டும். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புளூரேக்கு 405 என லேசர் கதிரின் அலைநீளம் மாறுவதால், டிவிடி டிரைவால் புளூரே டிஸ்க்கைப் படிக்க முடியாது. டிவிடி-ஆர், டிவிடி+ஆர் என்று இரண்டு வகை டிஸ்க்குகள் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இன்றைய டிரைவ்கள் இரண்டையும் ஏற்கும்.

வெளி டிரைவை இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. டிரைவை நேரடியாகக் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டில் செருகுங்கள். மின் இணைப்பு இல்லாத ஹப் வழியாக இணைக்க வேண்டாம். யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரைதான் மின்சாரம் தரும்; 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் தரும். டிஸ்க் சுற்றத் தொடங்கி நின்று நின்று போனாலோ, "டிக் டிக்" என்று சத்தம் வந்தாலோ மின்சாரம் போதவில்லை என்று பொருள். போர்ட்டை மாற்றிப் பாருங்கள். டிரைவுடன் இரட்டைத் தலை கேபிள் வந்திருந்தால் இரண்டு தலைகளையும் செருகுங்கள்.

2. இதற்கெனத் தனி டிரைவர் சாப்ட்வேர் தேவையில்லை. விண்டோஸ் தானாகவே அறிந்து கொள்ளும். பைல் எக்ஸ்ப்ளோரரில் "திஸ் பிசி" என்பதில் டிவிடி டிரைவ் என்ற ஐகான் தெரியும். தெரியாவிட்டால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, "டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ்" என்ற தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேபிளிலோ போர்ட்டிலோதான் கோளாறு.

3. டிரைவை மேஜையில் சமதளமாக வையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் கேபினட்டில் இடம் இருந்தால் உள்ளேயே சாட்டா டிரைவைப் பொருத்தலாம். கம்ப்யூட்டரை அணைத்து, மின் இணைப்பை எடுத்த பிறகு, டேட்டா கேபிளை மதர்போர்டிலும், பவர் கேபிளை எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்தும் இணைக்க வேண்டும். சாட்டாவில் ஜம்பர் மாற்றும் வேலை இல்லை. மிகப் பழைய ஐ.டி.இ. டிரைவாக இருந்தால் மட்டும் பின்புறமுள்ள ஜம்பரை மாஸ்டர் அல்லது ஸ்லேவ் என்று அமைக்க வேண்டும்.

வீட்டில் பழைய டெஸ்க்டாப் தூசி பிடித்துக் கிடந்தால் அதன் டிரைவை எறிந்துவிடாதீர்கள். ஏன் என்று பிறகு தெரியும்.

முதலில் பட்டியல் போடுங்கள்

டிரைவ் தயாரானதும் கையில் கிடைத்த சிடியைப் போட்டுவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். எல்லா டிஸ்க்குகளையும் வெளியே எடுத்து மூன்று அடுக்காகப் பிரியுங்கள்.

முதல் அடுக்கு: உலகில் வேறு எங்கும் காப்பி இல்லாதவை. குடும்ப வீடியோ, போட்டோ, குரல் பதிவு.

இரண்டாவது: மீண்டும் கிடைக்கலாம், ஆனால் சிரமம். பழைய ஆடியோ சிடிக்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், புராஜெக்ட் பைல்கள்.

மூன்றாவது: கடையில் வாங்கிய சினிமா, பழைய சாப்ட்வேர், பத்திரிகைகளுடன் வந்த இலவச சிடிக்கள்.

முதல் அடுக்கிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு எண் கொடுத்து, எண், பெயர், ஆண்டு, நிலை என்று நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். எண்ணை டிஸ்க்கின் மேல் எழுதாமல் உறையில் எழுதுங்கள்.

விரிசல் விட்ட டிஸ்க்கைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். 52எக்ஸ் வேகத்தில் சிடி நிமிடத்திற்குச் சுமார் 10,000 முறை சுற்றும். அந்த வேகத்தில் விரிசல் விட்ட டிஸ்க் டிரைவுக்குள்ளேயே உடைந்து சிதறலாம்.

கைரேகை, அழுக்கு இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டக் கீறல் விழுந்தால் டேட்டா எழுதப்பட்ட பாதையிலேயே நீளமாக விழும். அதைச் சரி செய்வது டிரைவுக்குக் கடினம்.

வகைக்கு ஒரு வழி

டேட்டா சிடி, டிவிடி: போட்டோக்களும் பைல்களும் உள்ள டிஸ்க் என்றால், போல்டர்களை அப்படியே ஹார்ட் டிஸ்க்கிற்குக் காப்பி செய்தாலே போதும். இன்னும் நல்ல வழி, முழு டிஸ்க்கையும் ஒரே பைலாக எடுப்பது. இதை இமேஜ் என்பார்கள். ஐ.எஸ்.ஓ. என்ற வகைப் பைலாக இது கிடைக்கும். விண்டோஸ் 8 (2012) முதல், ஐ.எஸ்.ஓ. பைலில் டபுள் கிளிக் செய்தாலே டிரைவில் டிஸ்க் போட்டது போலத் திறந்துகொள்ளும்.

இமேஜ் எடுக்க இம்ஜ்பர்ன் என்ற இலவச புரோகிராம் உதவும். இதன் கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது. ஆனாலும் வேலைக்குக் குறைவில்லை. இன்ஸ்டால் செய்யும்போது ஒவ்வொரு திரையையும் படித்துவிட்டு "நெக்ஸ்ட்" தட்டுங்கள். வேறு புரோகிராம் எதையும் சேர்த்து இன்ஸ்டால் செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு "கிரியேட் இமேஜ் பைல் ப்ரம் டிஸ்க்" என்பதைத் தேர்ந்தெடுத்து, பைலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டி, கீழே உள்ள பெரிய பட்டனைத் தட்டினால் போதும்.

விசிடி: இதில் எம்பெக்ஏவி என்ற போல்டருக்குள் டாட் என முடியும் பெரிய பைல்கள் இருக்கும். அவைதான் வீடியோ. அவற்றைக் காப்பி செய்து வி.எல்.சி. பிளேயரில் பார்க்கலாம். ஆனால் விசிடியின் வீடியோப் பகுதி சாதாரண டேட்டா போல எழுதப்பட்டதல்ல. அதனால் இமேஜ் எடுத்தால் ஐ.எஸ்.ஓ. வகை சரி வராது. பின், கியூ என்ற இரண்டு பைல்களாக எடுக்க வேண்டும். டிஸ்க்கின் வகையைப் பார்த்து இம்ஜ்பர்ன் தானே இப்படி எடுக்கும். அந்த இரண்டு பைல்களையும் எப்போதும் ஒன்றாகவே வைத்திருங்கள்.

டிவிடி வீடியோ: வீடியோ_டிஎஸ் என்ற போல்டருக்குள் வாப் என முடியும் பைல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவைத் தாண்டாது. கல்யாண டிவிடிக்களில் வழக்கமாகப் பூட்டு எதுவும் இருக்காது. ஐ.எஸ்.ஓ. இமேஜாக எடுத்து வி.எல்.சி.-யில் திறந்தால் மெனுவோடு ஓடும். மொபைலில் பார்க்க வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச புரோகிராமில் எம்பி4 ஆக மாற்றிக் கொள்ளலாம். மாற்றிய பின் இமேஜை அழித்துவிடாதீர்கள். அதுதான் அசல்.

ஆடியோ சிடி: இதில் தெரியும் சிறிய பைல்களைக் காப்பி செய்தால் பாட்டு வராது, அவை வெறும் அடையாளங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்துங்கள். இது ஒவ்வொரு பகுதியையும் ஒரு முறைக்கு மேல் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். சேமிக்கும்போது பிளாக் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். தரம் குறையாமல் அளவு குறையும்.

சிறிய 8 செ.மீ. டிவிடி: 2000-களில் வந்த சில வீடியோ கேமராக்கள் இதில் பதிவு செய்தன. தட்டு வெளியே வரும் டிரைவில் மட்டும் இதைப் போடுங்கள். டிஸ்க்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் போட்டால் சிக்கிக் கொள்ளும். கம்ப்யூட்டர் இந்த டிஸ்க்கைக் காலி என்று சொன்னால் பயப்படாதீர்கள். எழுதச் சொன்னால் சம்மதிக்கவும் செய்யாதீர்கள். பதிவு முடிந்ததும் "பைனலைஸ்" செய்யாமல் விட்டிருப்பார்கள். அதே கேமரா வேலை செய்தால் அதில் போட்டு பைனலைஸ் செய்யலாம். இல்லையென்றால் ஐசோபஸ்டர் என்ற புரோகிராம் இத்தகைய டிஸ்க்குகளையும் படிக்கும்.

படிக்க மறுத்தால்?

முதலில் வேகத்தைக் குறையுங்கள். இம்ஜ்பர்னில் "ரீட் ஸ்பீடு" என்ற இடத்தில் "மேக்ஸ்" என்பதற்குப் பதிலாக 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் அமைத்துப் பாருங்கள். நேரம் கூடும், ஆனால் தடுமாறிய டிஸ்க் பல நேரம் வழிக்கு வரும்.

அடுத்தது, வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று படிப்பது சாதாரணமாக நடப்பதுதான். லேசர், லென்ஸ், பிழை திருத்தும் முறை எல்லாம் டிரைவுக்கு டிரைவ் மாறுபடும். பழைய டிரைவை எறியாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். அதைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, சாட்டாவிலிருந்து யு.எஸ்.பி.-க்கு மாற்றும் அடாப்டர் மூலம் புதிய லேப்டாப்பில் இணைக்கலாம். பெரிய டிரைவுக்கு 12 வோல்ட் மின்சாரமும் வேண்டும். ஆகவே தனி பவர் அடாப்டருடன் வருவதைப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் சிடியை என் புதிய வெளி டிரைவ் 40 நிமிடம் முயன்றும் பாதிக்கு மேல் தரவில்லை. 2007-இல் வாங்கிய வீட்டு டெஸ்க்டாப்பின் டிரைவில், மிகக் குறைந்த வேகத்தில், ஓர் இரவு முழுக்க ஓடவிட்டேன். 9 நிமிடம் தவிர மற்றதெல்லாம் வந்துவிட்டது. ஆச்சி பாட்டின் முதல் பாதி கிடைத்தது. மீதிப் பாதி அந்த 9 நிமிடத்தில் போய்விட்டது. ஐந்து வருடம் முன்பே எடுத்திருந்தால் முழுவதும் கிடைத்திருக்குமோ என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சரி பார்த்தல் முக்கியம்

காப்பி முடிந்தது என்ற செய்தி வந்ததும் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். இமேஜைத் திறந்து, வீடியோவின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கின் வெளி ஓரம்தான் பெரும்பாலும் முதலில் கெடும். சிடியில் டேட்டா உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், நிரம்பிய டிஸ்க்கில் கடைசிப் பகுதியை அவசியம் பாருங்கள். போட்டோக்களில் ஐகான் தெரிந்தால் போதாது. பெரிதாகத் திறந்து பாருங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. 7-ஜிப் என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்தால், பைலின் மீது ரைட் கிளிக் செய்து கிடைக்கும் மெனுவில் எஸ்.எச்.ஏ.-256 என்ற பிரிவு கிடைக்கும். அது பைலுக்கு 64 எழுத்துகள் கொண்ட ஒரு முத்திரையைத் தரும். அதை நோட்பேடில் சேமித்து வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் முத்திரை எடுத்து ஒப்பிட்டால், பைலில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தெரிந்துவிடும்.

எங்கே வைப்பது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிடி 700 எம்பி. 100 சிடி நிரம்பியிருந்தால் 70 ஜிபி. ஒரு டிவிடி 4.7 ஜிபி. 50 டிவிடி என்றால் 235 ஜிபி. மொத்தம் 305 ஜிபி. ஒரு 500 ஜிபி வெளி ஹார்ட் டிஸ்க்கில் வீட்டு டிஸ்க்குகள் முழுவதும் அடங்கிவிடும்.

ஆனால் ஒரு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நம்பக் கூடாது. கீழே விழுந்தால் 150 டிஸ்க்குகளும் ஒன்றாகப் போய்விடும். மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில் என்பது பேக்கப் எடுப்பவர்கள் சொல்லும் எளிய கணக்கு. எங்கள் வீட்டில் ஒரு காப்பி என் ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று அக்கா வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது புதிதாக எழுதிய டிவிடியில் இருக்கிறது.

புதிய டிவிடியில் எழுத, ஐ.எஸ்.ஓ. பைலில் ரைட் கிளிக் செய்து "பர்ன் டிஸ்க் இமேஜ்" என்பதைத் தட்டுங்கள். விண்டோஸ் 11-இல் இது "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் இருக்கும். "வெரிபை டிஸ்க் ஆப்டர் பர்னிங்" என்ற இடத்தில் டிக் அடையாளம் போட மறக்காதீர்கள். பைல்களை மட்டும் எழுதுவதானால், காலி டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழிகளைக் கேட்கும். "வித் எ சிடி/டிவிடி பிளேயர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவ் போலப் பயன்படுத்தும் மற்ற வழி பத்திரப்படுத்துவதற்கு ஏற்றதல்ல. 4.7 ஜிபி டிவிடியில் விண்டோஸ் காட்டும் இடம் 4.38 ஜிபிதான் என்பதையும் மனதில் வையுங்கள். 16எக்ஸ் டிஸ்க்கை 8எக்ஸ் போன்ற நடுத்தர வேகத்தில் எழுதுவது நல்லது.

டிஸ்க்குகளை நெட்டுக்குத்தாக உறையில் நிறுத்தி, இருட்டான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் ஏற்றவை என்கிறது. நம் ஊர் வெயிலுக்கு இது நடக்கிற காரியமில்லை. எனவே டிஸ்க்கை ஒரே காப்பியாக ஒருபோதும் வைக்காதீர்கள். மேலும், எழுதக்கூடிய புளூரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. டிரைவ்களும் டிஸ்க்குகளும் கடையில் கிடைக்கும்போதே இந்த வேலையை முடிப்பது நல்லது.

ஒரு சட்ட விஷயம். கடையில் வாங்கிய சினிமா டிவிடிக்களில் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டு இருக்கும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், பிறர் உரிமையை மீறும் நோக்கத்துடன் அத்தகைய பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியுள்ளது. இந்தக் கட்டுரை உங்கள் சொந்தப் பதிவுகளுக்கு மட்டுமே.

இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து முதல் அடுக்கில் ஒரே ஒரு டிஸ்க்கை மட்டும் எடுங்கள். ஒரு டிவிடிக்கு அரை மணி நேரம் போதும். அது நல்லபடியாக வந்துவிட்டால் மற்றவற்றையும் நீங்களே தொடர்வீர்கள். வராவிட்டால், இன்னும் காத்திருக்கக் கூடாது என்பதாவது தெரிந்துவிடும்.